போஸ்ட்கிரெஸ் இமேஜின் அடித்தளம் மாறியபோது: ஒரு நெக்ஸ்ட்கிளவுட் நிறுவலின் நிகழ்வு ஆய்வு

2025 ஆகஸ்டில், கோப்புகளைச் சொந்தச் சர்வரில் வைத்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள் ஓடும் பல சர்வர்களில் ஒரே மாதிரியான ஒரு காரியம் நடந்தது. எந்தெந்தக் கண்டெய்னர்கள் (தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் நிரல்கள்) வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இமேஜ் (கண்டெய்னரின் அச்சு) 'போஸ்ட்கிரெஸ்:16' என்று எழுதியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களோடு 16.10 பதிப்பு ஆகஸ்ட் 14 அன்று வந்தது. நிர்வாகி வழக்கம்போல 'டாக்கர் கம்போஸ் புல்' (புதிய இமேஜை இழுப்பது), அடுத்து 'அப் -டி' (அதை ஓட்டுவது) கொடுத்தார். கண்டெய்னர் எழுந்தது, தளம் திறந்தது, கோப்புகள் எல்லாம் இருந்தன. தரவுத்தள லாக்கைத் திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எச்சரிக்கை தெரிந்தது: 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்', அதாவது எழுத்துச் சரங்களை அடுக்கும் வரிசைமுறையின் பதிப்பு பொருந்தவில்லை. தரவுத்தளம் உருவானபோது வரிசைமுறைப் பதிப்பு 2.36, இப்போதைய இயங்குதளம் தருவது 2.41 என்று விவரமும் அதன் கீழேயே இருந்தது.

போஸ்ட்கிரெஸின் பெரும்பதிப்பு மாறவில்லை. 16 அப்படியே 16தான். மாறியது அதற்குக் கீழே இருந்த இயங்குதளம். டேபியன் 13, அதாவது டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. அதே மாதம் டாக்கர் ஹப்பின் அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜில், பின்னொட்டு இல்லாத டேக்குகள் (':16' போன்ற பதிப்புப் பெயர்கள்) புக்வார்ம் எனப்படும் டேபியன் 12-ஐ விட்டு டிரிக்ஸிக்கு நகர்ந்தன. கிளிப்சி எனும் அடிப்படைச் சி நூலகத்தின் பதிப்பு புக்வார்மில் 2.36, டிரிக்ஸியில் 2.41. 'போஸ்ட்கிரெஸ்:16' என்று எழுதியவர் 16-ஐ மட்டுமே கட்டி வைத்திருந்தார். தரவுத்தளக் கோப்புகள் இருக்கும் தரவு அடைவோ மூன்று விஷயங்களோடு பிணைந்தது: பெரும்பதிப்பு, கீழேயுள்ள சி நூலகம், இமேஜுக்குள் தரவு உட்காரும் பாதை. அடுத்த மாதமே மூன்றாவதும் மாறியது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு

ஒரே சர்வர், நான்கு கண்டெய்னர்கள். அப்பாச்சி சேர்ந்த நெக்ஸ்ட்கிளவுட் இமேஜ் ஒன்று. அதே இமேஜைக் 'கிரான்' எனும் நேரப்படி நடக்கும் பின்னணி வேலைக்காக இன்னொரு முறை ஓட்டும் கண்டெய்னர் ஒன்று. கோப்புப் பூட்டுகளுக்கு ரெடிஸ். கடைசியாகப் போஸ்ட்கிரெஸ். நெக்ஸ்ட்கிளவுடின் கோப்புகளுக்கு ஒரு வால்யூம் (கண்டெய்னர் போனாலும் தங்கும் சேமிப்பிடம்), தரவுத்தளத்துக்கு ஒரு வால்யூம். முன்னால், வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி. சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் பரவலாக உள்ள வடிவம் இதுதான்.

எச்சரிக்கையை ஏன் அலட்சியம் செய்யக் கூடாது

எழுத்துச் சரங்களின் மேல் கட்டப்படும் பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது வரிசையாக அடுக்கிய பட்டியல். எது முன், எது பின் என்பதைப் போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை. இயல்பான அமைப்பில் கிளிப்சியிடம்தான் கேட்கிறது. நேற்றைய கிளிப்சி ஒரு வரிசையில் அடுக்கி வைத்த அலமாரியில், இன்றைய கிளிப்சி வேறொரு வரிசையை நம்பித் தேடினால், இருக்கும் பதிவே 'இல்லை' என்று பதில் வரும்.

பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கிளிப்சி 2.28. அதற்கு முன் 'ஈஎன்_யுஎஸ்' அமைப்பில் '11' முதலிலும் '1-1' பிறகும் வந்தன, 2.28-இலிருந்து '1-1' முதலில் வருகிறது. இடைக்கோடு, அடிக்கோடு போன்ற குறிகளின் எடை மாறியதே காரணம். 2.36-இலிருந்து 2.41-க்கு வரும்போது அப்படிப்பட்ட பெரும் புரட்டல் இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸ் பதிப்பு எண்ணை மட்டும்தான் ஒப்பிடுகிறது. உங்கள் தரவில் உள்ள சரங்களின் வரிசை உண்மையில் மாறியதா என்று அது பார்ப்பதில்லை. மாறவில்லை என்று வெளியிலிருந்து யாரும் உறுதி சொல்லவும் முடியாது. ஆகவே மாறியதாக வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

நெக்ஸ்ட்கிளவுடில் இது எங்கே கடிக்கும்? கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் 'ஓசி_ஃபைல்கேஷ்' அட்டவணையில் தேடல் பெரும்பாலும் பாதையின் எம்டி5 மதிப்பின் (பாதையிலிருந்து கணக்கிடும் நிலையான நீளக் குறியீட்டின்) மேல் நடக்கிறது. அதில் இலக்கங்களும் ஆறே எழுத்துகளும்தான் என்பதால் ஆபத்து குறைவு. கவலைக்குரியவை 'ஓசி_ஆப்கான்ஃபிக்', 'ஓசி_பிரெஃபரன்சஸ்' போன்றவை. இவற்றின் முதன்மைச் சாவியே செயலிப் பெயர், அமைப்புப் பெயர், பயனர் பெயர் என்ற சரங்களின் சேர்க்கை. அவற்றில் அடிக்கோடும் இடைக்கோடும் நிறைய. வரிசை குலைந்தால், ஏற்கெனவே உள்ள அமைப்பைச் செயலி காணாமல் அதே சாவியோடு இன்னொன்றை எழுதும். தனித்துவக் கட்டுப்பாடும் அதே இண்டெக்ஸை நம்புவதால் தடுக்காது. பயனர் ஓர் அமைப்பை மாற்றுகிறார், அது நிற்க மாட்டேன் என்கிறது. நிர்வாகி செயலியில்தான் பிழை என்று நாள்கணக்கில் தேடுகிறார்.

எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது

போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஒவ்வொரு தரவுத்தளத்தின் வரிசைமுறைப் பதிப்பும் 'பிஜி_டேட்டாபேஸ்' அட்டவணையில் 'டேட்கொல்வெர்ஷன்' என்ற பத்தியில் பதிவாகிறது. அதையும் 'பிஜி_டேட்டாபேஸ்_கொலேஷன்_ஆக்சுவல்_வெர்ஷன்' என்ற சார்பு தரும் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு 'செலக்ட்' போட்டால் நிலை தெரிந்துவிடும். 14-லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இந்தப் பத்தியே இல்லை. அங்கே இயங்குதளம் மாறினால் எச்சரிக்கை வராது. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும்.

உண்மையில் சேதம் உண்டா என்பதற்கு 'ஆம்செக்' நீட்சி இருக்கிறது. அதன் 'பிடி_இண்டெக்ஸ்_செக்' சார்பு ஓர் இண்டெக்ஸின் அடுக்கு வரிசை சரிதானா என்று பார்க்கும். 14-இலிருந்து 'பிஜி_ஆம்செக்' என்ற கருவியே மொத்தத் தரவுத்தளத்தையும் ஓட்டிப் பார்த்துவிடும். சேதம் தெரியவில்லை என்றாலும் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நெக்ஸ்ட்கிளவுட் அளவுள்ள தரவுத்தளத்துக்கு அது பெரிய வேலையில்லை.

சரிசெய்தல்: வரிசை முக்கியம்

புதிய இமேஜ் எழுந்த உடனேயே கவனித்து, எதுவும் எழுதப்படாத நிலையில் நிறுத்தியிருந்தால், டேக்கை '16-புக்வார்ம்' என்று மாற்றிப் பழைய தளத்துக்கே போய்விடலாம். எந்தச் சிக்கலும் இல்லை. சில நாள் ஓடிவிட்டதென்றால் திரும்பிப் போவதில் பயனில்லை. புதிய வரிசையில் எழுதப்பட்ட பதிவுகளும் இண்டெக்ஸில் கலந்திருக்கும்; பழைய கிளிப்சிக்கு இப்போது அவை தப்பான இடத்தில் இருக்கும். அப்போது முன்னோக்கித்தான் போக வேண்டும்.

முதலில் நெக்ஸ்ட்கிளவுடைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவருவது. செயலிக் கண்டெய்னருக்குள் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பயனராக 'பிஎச்பி ஓசிசி மெயின்டனன்ஸ்:மோட் --ஆன்'. நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளைக் கருவியான ஓசிசியை ரூட் பயனராக ஓட்டினால் அது மறுத்துவிடும். 'எக்ஸெக்' கட்டளையில் '-யு' கொடுக்க மறப்பதால்தான் பலரும் இங்கே முதல் தடவை இடறுகிறார்கள். பிறகு கிரான் கண்டெய்னரை நிறுத்துவது.

அடுத்தது பேக்கப். தரவைக் கோப்பாக எடுக்கும் 'பிஜி_டம்ப்' கருவி அட்டவணைகளின் தரவை நேராக வரிசையாகப் படித்து எடுப்பதால், இண்டெக்ஸ் குலைந்திருந்தாலும் தரவு முழுதாக வரும். இரட்டைப் பதிவுகள் இருந்தால் அவையும் சேர்ந்தே வரும்.

மூன்றாவதாக, நெக்ஸ்ட்கிளவுட் தரவுத்தளத்துக்குள் இணைந்து, இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டும் 'ரீஇண்டெக்ஸ் டேட்டாபேஸ்'. 15 வரை தரவுத்தளத்தின் பெயரையும் கூடவே கொடுத்தாக வேண்டும். 16 முதல் பெயர் இல்லாமலே ஏற்கும், அமைப்பு அட்டவணைகளையும் அது தொடாது. தொடாதது நல்லதுதான்: அவை 'சி' வரிசைமுறையில் இருப்பதால் கிளிப்சி மாற்றம் அவற்றைப் பாதிக்காது. பராமரிப்பு நிலையில் இருப்பதால், பிற வேலைகளை நிறுத்தாமல் கட்டும் 'கன்கரன்ட்லி' தேவையில்லை. வட்டில் மிகப் பெரிய இண்டெக்ஸின் அளவாவது காலியிடம் இருக்க வேண்டும், புதியது கட்டி முடிந்த பிறகே பழையது போகும் என்பதால்.

கடைசியில்தான் 'ஆல்டர் டேட்டாபேஸ் ... ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்'. இணையத்தில் எச்சரிக்கையைத் தேடினால் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். அதை மட்டும் தனியே கொடுப்பது மிகவும் தவறு. இந்தக் கட்டளை பதிவேட்டில் உள்ள எண்ணைத் திருத்துகிறதே தவிர, ஓர் இண்டெக்ஸையும் தொடுவதில்லை. எச்சரிக்கை அடங்கிவிடும், குலைந்த இண்டெக்ஸ் அப்படியே இருக்கும், அடுத்த முறை கண்டுபிடிக்க ஒரு தடயமும் மிஞ்சாது.

'போஸ்ட்கிரெஸ்', 'டெம்ப்ளேட்1' (புதுத் தரவுத்தளங்களுக்கு அச்சு) என்ற இரண்டு தரவுத்தளங்களுக்கும் இதையே செய்ய வேண்டும். டெம்ப்ளேட்1-இல் பதிப்பு பொருந்தாவிட்டால் எச்சரிக்கையோடு நிற்காது. 'கிரியேட் டேட்டாபேஸ்' பிழையாகவே விழும். சோதனைக்காக அடிக்கடி புதுத் தரவுத்தளம் உருவாக்குகிற இடங்களில் வேலை மொத்தமாக நின்றுபோகும்.

ரீஇண்டெக்ஸ் நடுவில் 'தனித்துவ இண்டெக்ஸ் உருவாக்க முடியவில்லை, இந்தச் சாவி இரண்டு முறை உள்ளது' என்ற பொருளில் பிழை வந்தால், சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமர்வில் 'எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன்', 'எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன்', 'எனேபிள்_பிட்மேப்ஸ்கேன்' மூன்றையும் அணைத்துவிட்டு, சாவிப் பத்திகளால் 'குரூப் பை' போட்டு ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுக்க வேண்டும். இண்டெக்ஸை அணைக்காமல் தேடினால், பொய் சொல்லும் அதே பட்டியலிடம்தான் மறுபடி கேட்கிறோம். இரட்டைகளில் வேண்டாததை, பதிவு இருக்கும் இடத்தைக் காட்டும் 'சிடிஐடி' மதிப்பைக் கொண்டு நீக்கலாம். எதை நீக்குவது என்பதை மதிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய சிடிஐடிதான் புதியது என்று நினைக்கக் கூடாது, பழைய பதிவு காலி செய்த இடத்திலும் புதியது உட்காரும்.

ஆல்பைன் பக்கம் போகிறவர்களுக்கு

இமேஜ் சிறியது என்பதற்காக, ஆல்பைன் எனும் சிறிய லினக்ஸின் மேல் கட்டிய '16-ஆல்பைன்' டேக்குக்கு மாறுவது இதைவிட மோசமான வழி. ஆல்பைனில் கிளிப்சியே இல்லை. மஸ்ல் என்ற நூலகம் இருக்கிறது, அது சரங்களை வெறும் பைட் வரிசையில் அடுக்கும். டேபியனில் உருவான தரவு அடைவை அங்கே தூக்கி வைத்தால் எழுத்து இண்டெக்ஸ்கள் மொத்தமாகக் குலையும். 15 முதல் அந்தத் திசையில் ஓர் எச்சரிக்கையாவது உண்டு. ஆல்பைனில் உருவாக்கிய அடைவைப் பிறகு டேபியனுக்குக் கொண்டுவந்தால் அதுவும் கிடையாது. மஸ்ல் பதிப்பு எண் எதையும் தராததால் பதிவேட்டில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. கூடவே, டேபியன் இமேஜில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999, ஆல்பைனில் 70. சர்வரின் அடைவையே கண்டெய்னருக்குள் பொருத்தும் பைண்ட் மவுண்டில் வைத்திருப்பவர்கள் உரிமைச் சிக்கலையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். இவ்விரண்டுக்கும் இடையே மாற ஒரே சரியான வழி டம்ப் எடுத்துப் புது வால்யூமில் ரீஸ்டோர் செய்வதுதான்.

செப்டம்பர்: பாதையும் மாறியது

போஸ்ட்கிரெஸ் 18 வெளியானது 2025 செப்டம்பர் 25. 'லேட்டஸ்ட்' என்று எழுதியிருந்தவர்களின் தரவுத்தளம் அதன் பிறகு எழவே இல்லை. 17 வரை இமேஜ் தரவை வைத்த இடம் '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்குயெல்/டேட்டா'. 18 முதல் அது '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்குயெல்/18/டாக்கர்'. வால்யூமை ஒரு படி மேலே, '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்குயெல்' மேல் பொருத்த வேண்டும். பழைய இடத்தில் வால்யூம் பொருத்தியிருந்தால் இமேஜின் தொடக்க நிரல் நீண்ட விளக்கம் ஒன்றை லாக்கில் எழுதிவிட்டு வெளியேறுகிறது. இது நல்ல முடிவு. வெற்றுத் தரவுத்தளத்தோடு சத்தமில்லாமல் எழுவதைவிட விழுந்து கிடப்பது எவ்வளவோ மேல்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. 18-க்கான வழிகாட்டியைப் படித்துவிட்டு, 17 அல்லது 16 இமேஜில் வால்யூமை மேல் படியில் பொருத்துகிறவர்கள் உண்டு. அந்த இமேஜ்கள் 'டேட்டா' அடைவையே வால்யூம் என்று அறிவித்திருப்பதால், டாக்கர் அங்கே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கி மேலே மூடிவிடும். எல்லாம் ஓடும். அடுத்த 'டவுன்', 'அப்' செய்யும்போது வேறொரு பெயரில்லா வால்யூம் வரும், தரவுத்தளம் காலியாக இருக்கும். பதற வேண்டாம்: பழையது இன்னும் 64 எழுத்துப் பெயரோடு 'வால்யூம் எல்எஸ்' பட்டியலில் கிடக்கும். அந்த நேரத்தில் மட்டும் யாரும் 'வால்யூம் புரூன்' கொடுத்துவிடக் கூடாது. பெயரில்லா வால்யூம்களைத்தான் அது முதலில் துடைக்கும்.

பெரும்பதிப்பு உயர்த்துவது

பாதையைத் திருத்தினாலும் 16-இன் அடைவை 18 திறக்காது. ஒரே இமேஜில் இரண்டு பதிப்பின் நிரல்களும் இல்லாததால், அடைவை அப்படியே புதிய பதிப்புக்கு உயர்த்தும் 'பிஜி_அப்கிரேட்' கருவி கண்டெய்னரில் சுற்றுவழி. 18-இல் தரவுச் செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகை) இயல்பாகவே இயங்கும் என்பதால், பழைய அடைவில் அது இல்லையென்றால் பிஜி_அப்கிரேட் அங்கேயும் நிற்கும். டம்ப், ரீஸ்டோர் வழியே போவது எளிது. அதற்கு முன், நீங்கள் ஓட்டும் நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பின் நிர்வாகக் கையேட்டில் எந்தப் போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் ஏற்கப்படுகின்றன என்று பார்த்துவிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுடையும் தரவுத்தளத்தையும் ஒரே நாளில் உயர்த்த வேண்டாம். நெக்ஸ்ட்கிளவுடின் பெரும்பதிப்புகளில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்கவும் முடியாது.

இங்கே நெக்ஸ்ட்கிளவுடுக்கே உரிய ஒரு பொறி. நிறுவும்போது கொடுத்த தரவுத்தளப் பயனருக்குப் புதுப் பயனர் உருவாக்கும் உரிமை இருந்தால், நெக்ஸ்ட்கிளவுட் 'ஓசி_அட்மின்' போன்ற பெயரில் தனக்கென ஒரு பயனரை உருவாக்கி, 'கான்ஃபிக்.பிஎச்பி' கோப்பில் அதையே எழுதிக்கொள்ளும். இமேஜின் 'போஸ்ட்கிரெஸ்_யூசர்' மாறியில் கொடுக்கும் பயனர் சூப்பர்யூசர் என்பதால் இந்த உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. 'பிஜி_டம்ப்' பயனர்களை எடுப்பதில்லை. புது வால்யூமில் ரீஸ்டோர் செய்யும்போது 'ஓசி_அட்மின் என்ற ரோல் இல்லை' என்று நூற்றுக்கணக்கான பிழைகள் வரிசையாக விழும். 'பிஜி_டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி' என்று பயனர்களைத் தனிக் கோப்பாக எடுத்து, புதிய இடத்தில் அதை முதலில் ஏற்றிவிட்டுத்தான் தரவை ஏற்ற வேண்டும். ரீஸ்டோர் முடிந்ததும் 'வேக்யூம்டிபி --அனலைஸ்-ஒன்லி' ஓட்டுவது அவசியம்; புள்ளிவிவரம் இல்லாத தரவுத்தளத்தில் முதல் நாள் முழுக்கப் பக்கங்கள் இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய வால்யூமை அழிக்காமல் குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள்.

திருத்திய கம்போஸ் கோப்பில் என்னென்ன

டேக் '16.10-டிரிக்ஸி' என்பதுபோல முழுதாக (பழைய தளத்துக்கே திரும்பியவர்களுக்கு '16.10-புக்வார்ம்'). சிறுபதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று அட்டவணைப்படி வருகின்றன. அந்த வாரம் எண்ணைக் கையால் மாற்றினால் போதும். இமேஜைத் தானாக இழுத்து மாற்றும் கருவிகளின் கையில் தரவுத்தளக் கண்டெய்னரை மட்டும் கொடுக்க வேண்டாம்.

'ஷெம்_சைஸ்' 256 எம்பி. டாக்கர் கண்டெய்னருக்கு இயல்பாகத் தரும் பகிர்நினைவு 64 எம்பி. போஸ்ட்கிரெஸ் பராமரிப்பு வேலைகளுக்கு ஒதுக்கும் 'மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம்' இயல்பு மதிப்பும் 64 எம்பி. பல இண்டெக்ஸ் உள்ள அட்டவணையில் இணையாக 'வேக்யூம்' (செத்த பதிவுகளைத் துடைக்கும் வேலை) ஓடினால், அந்த 64-உடன் தலைப்புத் தகவலும் சேர்ந்து கொஞ்சம் மிஞ்சும். வட்டில் இடம் தாராளமாக இருக்கும்போதே 'இடமில்லை' என்ற பிழை வருவது இதனால்தான்.

'ஸ்டாப்_கிரேஸ்_பீரியட்' (நிறுத்தச் சொன்னபின் டாக்கர் காத்திருக்கும் நேரம்) 2 நிமிடம். இயல்பான 10 வினாடியில் செக்பாயின்ட் (நினைவில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதுவது) முடியாவிட்டால் டாக்கர் கொன்றுவிடும். தரவு போகாது, ஆனால் அடுத்த தொடக்கத்தில் மீட்பு ஓடும்வரை செயலி காத்திருக்கும்.

நலச்சோதனைக்குப் 'பிஜி_இஸ்ரெடி' போடும்போது '-எச் 127.0.0.1' சேர்க்க வேண்டும். முதல் நிறுவலில் இமேஜ் ஒரு தற்காலிகச் சர்வரை யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் எழுப்பி, ஆயத்த வேலை முடிந்ததும் அணைக்கும். முகவரி இல்லாத சோதனை அதைப் பார்த்தே 'தயார்' என்று சொல்லிவிடும். நெக்ஸ்ட்கிளவுட் உள்ளே வந்து பாதி நிறுவலில் அறுந்துபோகும்.

'போர்ட்ஸ்' பகுதி தரவுத்தளத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கண்டெய்னர்கள் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். '5432:5432' என்று எழுதினால் டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் நெட்வொர்க் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் நேரே போடும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் 'மூடியிருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருக்க, போர்ட் உலகத்துக்கே திறந்திருக்கும்.

'போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட்' மாறி காலி அடைவில் முதல் முறை மட்டுமே படிக்கப்படுகிறது. பிறகு அதை மாற்றினால் ஒன்றும் ஆகாது. 'ஆல்டர் ரோல்' கொடுத்து, கான்ஃபிக்.பிஎச்பி கோப்பிலும் மாற்ற வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வரிசைமுறைச் சிக்கலையே தவிர்க்க ஒரு வழி உண்டு. 17 முதல் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே 'பில்டின்' என்ற வரிசைமுறை வழங்கி இருக்கிறது. 'போஸ்ட்கிரெஸ்_இனிட்டிபி_ஆர்க்ஸ்' மாறியில் '--லோகேல்-புரொவைடர்=பில்டின் --லோகேல்=சி.யுடிஎஃப்-8' கொடுத்தால் வரிசை யூனிகோட் எண்படி அமையும். கிளிப்சி எதுவானாலும் இண்டெக்ஸ் குலையாது. இந்த வரிசை தமிழ் அகரவரிசை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். யூனிகோட் எண்ணில் ன, ந-வுக்கு அடுத்து வந்து ப-வை முந்தும். ற, ர-வை ஒட்டி நிற்கும். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன் வந்துவிடும். சொந்தமாக எழுதும் செயலியில் பெயர்ப் பட்டியலைத் தமிழ் வரிசையில் காட்ட வேண்டுமென்றால், அந்த ஒரு வினவலில் மட்டும் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' வரிசைமுறையைக் 'கொலேட்' சேர்த்துக் கேட்டால் போதும்.

பேக்கப்பும் ஒத்திகையும்

இரவு பேக்கப்பில் நான்கு பொருள்கள்: குளோபல்ஸ் கோப்பு, '-எஃப்சி' வடிவ டம்ப், நெக்ஸ்ட்கிளவுடின் கான்ஃபிக் அடைவு, அதன் தரவு அடைவு. நான்கும் ஒரே பராமரிப்பு நிலைக்குள் எடுக்கப்பட வேண்டும். டம்ப் பத்து மணிக்கும் கோப்புகள் பன்னிரண்டு மணிக்கும் எடுத்தால், மீட்டபின் தரவுத்தளம் சொல்லும் கோப்பு வட்டில் இருக்காது. 'கம்போஸ் எக்ஸெக்' வழியாக டம்பைக் கோப்புக்குத் திருப்பும்போது '-டி' (பெரிய எழுத்து) கட்டாயம். இல்லாவிட்டால் சில கம்போஸ் பதிப்புகளில் போலி முனையம் வரி முடிவுகளை மாற்றி எழுதி, பார்க்கச் சரியான அளவில் இருக்கும் ஆனால் திறக்காத ஒரு கோப்பைத் தரும்.

மாதம் ஒரு முறை அதே டேக்கில் தனியாக ஒரு போஸ்ட்கிரெஸ் கண்டெய்னரை வேறு பெயரில் எழுப்பி, குளோபல்ஸையும் டம்பையும் அதில் ஏற்றிப் பாருங்கள். தனித்துவ இண்டெக்ஸ்கள் அங்கே புதிதாகக் கட்டப்படுவதால், ஓடும் சர்வரில் ஒளிந்திருக்கும் இரட்டைப் பதிவுகள் இந்த ஒத்திகையில் தாமே வெளியே வந்து விழும். உண்மையாகவே மீட்க நேர்ந்த நாளில், பராமரிப்பு நிலையை எடுப்பதற்கு முன் 'ஓசிசி மெயின்டனன்ஸ்:டேட்டா-ஃபிங்கர்பிரின்ட்' கொடுக்க வேண்டும். சர்வர் பழைய நாளுக்குத் திரும்பியிருக்கிறது என்பது பயனர்களின் கணினியில் உள்ள ஒத்திசைவு நிரல்களுக்கு அப்போதுதான் தெரியும். அது தெரியாத நிரல், பேக்கப்புக்குப் பின் சேர்ந்த கோப்புகளைச் சர்வரில் காணாமல், அவற்றை யாரோ நீக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு பயனரின் கணினியிலிருந்தும் நீக்கிவிடும்.